ஆறு தோட்டங்களுக்குப் போன ஒரு வரி

உங்களிடம் வந்து பேசவேண்டும் என்று மூன்று முறை கேட்டார்கள். இரண்டு முறை முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாம் முறை மறுக்கத் தெம்பில்லை. செர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் இனி உங்கள் பிழைப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் அதே பிழைப்பைச் செய்து ஓய்ந்தவன் நான். எந்தக் கட்டளையை எப்படித் தட்டுவது என்று சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் படித்த கட்டளைகளெல்லாம் எனக்கு முன்னாலேயே ஓய்வுபெற்றுவிட்டன. எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெருமைக்குரியது இல்லை. ஆனால் இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றது அதிலிருந்துதான்.

எண்பதுகளின் கடைசி. கேமரன் மலையில், தானா ராத்தா டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்கு வேலை. கிராணி என்றால் குமாஸ்தா; என்னைக் 'கம்ப்யூட்டர் கிராணி' என்று கூப்பிடுவார்கள். எங்கள் கம்பெனிக்கு மலையில் ஆறு தோட்டங்கள். ஆறு ஆபீசுக்கும் ஒவ்வொரு கணினியும், அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடமும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு பெட்டிகளை வைத்து ஒரு செய்திப் பலகை நடந்தது. இயந்திரம், பூச்சி, சாலை, பொது என்று நான்கு தலைப்புகள். யார் எதை எழுதினாலும் ஆறு தோட்டத்திலும் படிக்கலாம்.

எழுதுவது முதலில் எழுதியவனுடைய பெட்டியிலேதான் கிடக்கும். விடிகாலை ஐந்து மணிக்குப் பெட்டி பக்கத்துத் தோட்டத்தைத் தானே அழைக்கும். என்னிடம் இந்தந்த எண்ணுள்ள செய்திகள் இருக்கின்றன, உன்னிடம் எது இல்லை என்று கேட்கும். அந்தத் தோட்டத்துப் பெட்டி தன் பதிவேட்டைப் பார்த்து, இதுவரை காணாததை மட்டும் வாங்கிக்கொள்ளும். பிறகு அதற்கு அடுத்த தோட்டம். அப்படியே கைமாறி ஆறுக்கும் போய்விடும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது கடந்து வந்த பெட்டிகளின் பெயர் ஏறிக்கொண்டே போகும். அந்த வரிசையில் பெயர் உள்ள பெட்டிக்கு அதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நடுவில் தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. எங்கள் துரை, அதாவது தோட்ட மேனேஜர், "அப்போ ஒரிஜினல் எங்க இருக்கு?" என்று அடிக்கடி கேட்பார். அப்படி ஒன்று இல்லை, ஆறும் ஒரிஜினல்தான் என்பேன். அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்கு அப்போது அதுதான் பிடித்திருந்தது.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியது பள்ளத்துத் தோட்டத்துப் பெண் கிராணி. எனக்கு ஆறு மாதம் முன்பு வேலைக்கு வந்தவர். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

ஒருநாள் காலை என் பெட்டி நிரம்பி, வந்துகொண்டிருந்த செய்தி பாதியில் நின்றது. அந்தக் காலத்து டிஸ்க்கில் இடம் என்பது சட்டைப்பை அளவு. எதைக் கழிக்கலாம் என்று தேடினேன். கண்ட எண்களையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடுதான் வீங்கிக் கிடந்தது. பத்து நாளுக்கு மேல் பழைய எண்களை மறந்துவிடும்படி மாற்றினேன். இடம் கிடைத்தது. பெருமையோடு அந்த உபாயத்தைப் பொதுத் தலைப்பில் எழுதினேன். மற்ற ஐந்து பேருக்கும் அதே தலைவலி இருந்ததால் எல்லோரும் அப்படியே செய்துகொண்டார்கள்.

அக்கா போன் செய்தார். "இடம் கெடச்சது சரி தம்பி. பத்து நாள் கழிச்சு ஒரு செய்தி லேட்டா வந்து நின்னா, புதுசு பழசு எப்படித் தெரியும்?"

யார் அவ்வளவு தாமதமாக வரப்போகிறார்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய பெட்டியிலும் இடமில்லை. அவரும் மாற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் நல்ல மழை. கொழுந்து கட்டுக்கடங்காமல் வந்தது. ஆலை நிற்காமல் ஓடியது. ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, இலையை உருட்டும் இயந்திரத்தின் பெல்ட் வாரில் முனியாண்டியின் வலது கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. ஆலையிலிருந்து அவரைத் தூக்கி வந்தபோது நான் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். கையைச் சுற்றியிருந்த துணியை மட்டும்தான் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கையோடு துரை என்னிடம் வந்தார். வாரை மூடும் இரும்புக் கூண்டு கழன்றிருந்ததுதான் காரணம். ஆறு ஆலையிலும் அதே இயந்திரம், அதே போல்ட். நான்கு மணிக்கு எல்லா இடத்திலும் அடுத்த ஷிப்ட் தொடங்கும். அதற்கு முன் எல்லோரும் கூண்டைப் பார்த்தாக வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுத்தில் போகட்டும், விடியும்வரை காத்திருக்காதே என்றார்.

நியாயமான அவசரம். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் ஆலை மேற்பார்வையாளர் வந்து நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது. கூண்டு எப்படிக் கழன்றது என்று கேட்டேன். இயந்திரத்தை ஓட்டும் சூசைதான் கழற்றிவைத்தார், திரும்ப மாட்டவில்லை என்றார். சூசை பதினைந்து வருஷம் அந்த இயந்திரத்தோடு இருந்தவர். அவர் அப்போது எங்கே இருந்தார்? ஆபீசிலிருந்து நூறு அடியில், ஆலைக்குள் நின்றிருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மணியைப் பார்த்தேன். இரண்டே முக்கால். கூண்டுகளைச் சரிபாருங்கள் என்று முதல் வரி. இயந்திரக்காரர் சூசையின் கவனக்குறைவால் இது நடந்தது என்று இரண்டாம் வரி. அனுப்பினேன்.

அவசரம் முதல் வரிக்குத்தான் இருந்தது. இரண்டாம் வரிக்கு ஒரு அவசரமும் இல்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருஷம் ஆனது.

என் பெட்டிக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்று மேல் தோட்டம், மற்றது ஆற்றோரத் தோட்டம். இரண்டையும் அழைத்துச் செய்தியைக் கொடுத்தேன். ஆற்றோரம் உடனே அடுத்த தோட்டத்துக்குத் தள்ளியது. அந்த வழியாகப் பள்ளத்துத் தோட்டம்வரை எல்லோருக்கும் நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தது. மேல் தோட்டத்துக் கிராணி கூண்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இலை நிறுக்கப் போய்விட்டார். அவருடைய பெட்டியும் பள்ளத்துத் தோட்டத்துக்கு அதைக் கொடுக்கவேண்டும். அது விடிகாலைக்கு வரிசையில் நின்றது. அன்று சாயங்காலமே கியா பார்ம் என்ற ஊருக்கு அப்பால் மண் சரிந்து மேல் தோட்டத்துத் தொலைபேசிக் கம்பியை அடித்துக்கொண்டு போனது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். அன்று வேறு இரண்டு ஆலைகளில் தளர்ந்த கூண்டைக் கண்டுபிடித்து முடுக்கினார்கள். அந்த முதல் வரி யாருடைய விரலையோ காப்பாற்றியது. அதனால்தான் இரண்டாவது வரி எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் துரை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட கையோடு முனியாண்டியே சொன்னாராம். கூண்டின் போல்ட் உடைந்து நாலு நாள் ஆகிறது. வாரைத் தொடாதே என்று சூசை அன்று முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார். போல்ட் கேட்டு ஸ்டோருக்குப் போன நேரத்தில், அவசரத்தில் நான்தான் கையை விட்டேன் என்றார். ஸ்டோரில் பார்த்தால் மூன்று நாள் முன்பே சூசை போல்ட் கேட்ட சீட்டு இருந்தது. இலை குவிந்து கிடக்கிறது, அப்படியே ஓட்டு என்று சொன்னவர் மேற்பார்வையாளர்.

துரை என்னிடம் அந்தச் செய்தியை அழித்துவிடச் சொன்னார். எங்கள் பலகையில் ரத்துச் செய்தி என்று ஒன்று உண்டு. இன்ன எண்ணுள்ள செய்தியை நீக்கு என்று எழுதி அனுப்பினால், அதுவும் மற்றச் செய்திகளைப் போலவே கைமாறிப் போய், போகிற இடத்திலெல்லாம் பழையதை அழிக்கும். அனுப்பினேன். மறுநாள் காலையில் மேல் தோட்டம் தவிர மற்ற நான்கு தோட்டங்களில் அந்தச் செய்தி இல்லை.

அக்காவிடம் சொன்னேன். 

"பெட்டியில இருந்து அழிஞ்சிடுச்சி தம்பி. படிச்சவங்க மனசுல இருந்து? சூசை மேல தப்பு இல்லன்னு தனியா ஒரு செய்தி போடுங்க."

போடுகிறேன் என்றேன். போடவில்லை. மேற்பார்வையாளர் அன்று என் மேசைக்கு வந்து, அழித்தாகிவிட்டதே, இனி எதற்குக் கிளறவேண்டும் என்று கெஞ்சினார். அவருக்காக விட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்காமல் எழுதினேன் என்று ஐந்து ஆபீஸ் கிராணிகள் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம்.

மேல் தோட்டத்துக் கம்பி சீக்கிரம் சரியாகவில்லை. மழை நின்றபாடில்லை. அந்தத் தோட்டத்துக்காகக் காத்திருந்த செய்திக் கட்டு என் பெட்டியில் தினமும் பெருத்துக்கொண்டே போனது. இரண்டாம் வாரம் மறுபடி இடம் போதவில்லை. எல்லாம் பழைய செய்திதானே என்று அந்தக் கட்டை அழித்தேன். அதற்குள் ரத்துச் செய்தியும் இருந்தது. எனக்கு அது ஞாபகம்கூட வரவில்லை. அக்காவும் இடத்துக்காகத் தன் பக்கத்துக் கட்டை அழித்திருந்தார்.

மூன்று வாரம் கழிந்து ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் சூசை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

ஆற்றோரத் தோட்டத்தில் இயந்திர மேஸ்திரி வேலை காலியாகியிருந்தது. அந்தத் துரை சூசையை நேரில் பார்த்துப் பேசி, வரச் சொல்லியும் இருந்தார். அங்கே போனால் மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். வீட்டில் சாமான்களைக்கூடக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அன்று காலை கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சூசை பெயரில் இரண்டாவது விபத்து ரிப்போர்ட் வந்திருக்கிறது என்றாராம் அங்கிருந்த கிராணி.

சூசை குரலை உயர்த்தவில்லை.

"கிராணி, நான் ரெண்டாவது தடவ யாரு விரல எடுத்தேன்? நீங்களே சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அப்படி ஒன்று என் பெட்டியிலேயே இல்லை. ஆற்றோரத்துக் கிராணியை அழைத்தேன். அவர் தாளை எடுத்துப் படித்தார். என் சொற்கள். என் கையெழுத்து வரி. தாளின் தலையில், அச்சடித்த நாளான அந்த வாரத்துத் தேதி. நேற்று முன்தினம் வந்தது, படித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம் என்றார்.

அடுத்து அக்காவை அழைத்தேன். அவர் தன் பெட்டியில் அந்தச் செய்தியைத் திறந்து, அது கடந்து வந்த பெட்டிகளின் வரிசையைப் படித்தார். முதலில் என் தோட்டம், பிறகு மேல் தோட்டம், பிறகு அவருடையது. எல்லாம் விளங்கிவிட்டது. மேல் தோட்டத்துக் கம்பி சரியானதும், மூன்று வாரமாக வரிசையில் நின்ற செய்தியை அந்தப் பெட்டி கடமையாகக் கொடுத்திருக்கிறது. பள்ளத்துப் பெட்டி பதிவேட்டைப் பார்த்திருக்கிறது. பத்து நாளைக்கு முந்தைய எண்கள் அதில் இல்லை. புதிது என்று வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறது. அவரும் அப்படியே. என் பெயர் அந்த வரிசையில் இருந்ததால் எனக்கு மட்டும் யாரும் அனுப்பவில்லை. மலையிலே அது தெரியாத ஒரே ஆள் அதை எழுதியவன்.

அக்கா முன்பு சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. நானும் அப்படித்தான் மாத்தினேன் தம்பி, என் பெட்டி வழியாத்தான் போயிருக்கு என்று மட்டும் சொன்னார்.

சூசை இன்னும் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் என்ன சொல்வது? பெட்டி மறந்துவிட்டது என்றா? நான் கேட்காமல் எழுதினேன், அதை எழுத்தில் திருத்தவும் இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார். ஷிப்டுக்கு மணி அடித்தது. போய்விட்டார்.

இன்னொரு ரத்துச் செய்தி அனுப்பியிருக்கலாம். விரல் அதற்குத்தான் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்து என்பது ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெட்டியும் அதன் ஞாபகம் உள்ளவரை அதை மதிக்கும். அச்சடித்த தாள் மதிக்காது. படித்த துரை மதிக்க மாட்டார். போனதைத் துரத்திக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை, அதற்குப் பக்கத்தில் உண்மையைக் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

துரையிடம் போனேன். திருத்தம் என்று போட்டால் ஆபீசுக்கு அசிங்கம் என்றார். ஏற்கெனவே அசிங்கம் நடந்துவிட்டது துரை, அது சூசை வீட்டில் இருக்கிறது என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோது மேற்பார்வையாளரின் பெயர் விரல் நுனியில் நின்றது. பொய் சொன்னவர் அவர்தானே. ஆனால் அவர் பெயரை ஆறு தோட்டத்துக்கும் அனுப்புவது என் வேலையா? அவரை விசாரிக்கத் துரை இருந்தார். நான் செய்ததை மட்டும் எழுதினேன். சூசையிடம் கேட்காமல் எழுதினேன். அது தவறு. அவர் மூன்று நாள் முன்பே போல்ட் கேட்டிருக்கிறார். விபத்து நடந்தது ஒரே ஒரு முறை. இதை எல்லா அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கீழே என் பெயர்.

அனுப்பியபின் பெட்டியை நம்பி உட்கார முடியவில்லை. மறுநாள் லீவு எழுதிக்கொடுத்து, திருத்தத்தின் ஐந்து பிரதிகளோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். மழையில் பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி, முட்டைக்கோஸ் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒவ்வொரு ஆபீசாகப் போனேன். பழைய தாளை நானே பலகையிலிருந்து கிழித்தேன். கோப்பில் இருந்தவற்றின்மேல் புதிய தாளை வைத்துப் பின் குத்தச் சொன்னேன். ஒரு கிராணி சிரித்தார். ஒருவர் தேநீர் கொடுத்தார்.

பள்ளத்துத் தோட்டத்தில் அக்காவை முதன்முறை பார்த்தேன். என்னைவிட இரண்டு வயதாவது இளையவர். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஏற்கெனவே திருத்தத்தை ஒட்டியிருந்தார். பொதுத் தலைப்பில் இருந்த வேண்டாத அரட்டையை அழித்து இடம் பண்ணி, பதிவேட்டை இரண்டு மாதத்துக்கு நீட்டியும் இருந்தார். நீங்களும் அதையே செய்யுங்க என்றார். என் ஆபீசுக்குத் திரும்பியபிறகும் போனில் அக்கா என்றுதான் அழைத்தேன்.

ஆற்றோரத் தோட்டத்துத் துரை தாளை முழுக்கப் படித்தார். வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கும். ஆனால் முதல் நாள் சாயங்காலமே வேறு ஒருவருக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் மனைவி மக்களோடு லோரியில் வந்துகொண்டிருந்தார். அவரைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று என்னையே கேட்டார்.  

நனைந்தபடி திரும்பி, நேரே சூசையின் வீட்டுக்குப் போனேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கடைசி வீடு. கட்டிய சாமான்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் சுவரோரம் இருந்தன. ஆற்றோரத்து வேலை வேறொருவருக்குப் போனதைச் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பெட்டிக்கு வேறு எழுத்துத் தெரியாது.

"இது அஞ்சு ஆபீசுக்கும் போயிடுச்சி, சரி. இந்த லயத்துக்கு எப்ப வரும் கிராணி? முனியாண்டி சம்சாரம் பக்கத்து வீடுதான். ஒரே பைப்புத் தண்ணி. முனியாண்டியே சொன்னாலும், எழுத்துல வந்திருக்கேங்கறாங்க. ஒரு மாசமா எங்க வீட்டம்மா முகத்தப் பாக்கறதில்ல."

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. என் வரி ஆபீஸ் பலகையிலிருந்து வாய்வழியாக லயத்துக்கு என்றோ வந்துவிட்டிருந்தது. ரத்தும் திருத்தமும் மட்டும் ஆபீசோடு நின்றுவிட்டன.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட எல்லோரும் வந்து நிற்கும் இடத்தில், துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அந்தத் தாளில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். பனியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் சத்தமா சொல்லுங்க லா என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சூசை மேல் தப்பில்லை, விசாரிக்காமல் எழுதியது நான் என்று இரண்டு முறை சொன்னேன். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியாண்டியின் மனைவி கூடையை முதுகில் மாட்டியபடி இரண்டாம் வரிசையில் நின்றார். நான் முடித்ததும் மலைக்குத் திரும்பி நடந்தார்.

சூசை தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆலைக்குள் போனார். அதே இயந்திரத்தில் மேலும் பல வருஷம் இருந்தார். என்னைக் கண்டால் தலையசைப்பார். மேற்பார்வையாளரைத் துரை கூப்பிட்டு என்ன கேட்டார், கேட்டாரா என்பதே எனக்குத் தெரியாது.

உங்களிடம் நாளைக்கே யாராவது ஓடி வந்து, தப்பாகப் போய்விட்டது, அழித்துக் கொடு என்பார்கள். அழித்துக் கொடுங்கள். அத்தோடு, அது யாரைப் பற்றியது, அந்த ஆளிடம் யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நம் துறையில் எந்தக் கட்டளையும் கிடையாது. எழுந்து போகத்தான் வேண்டும்.

நான் அந்தத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய வாரம் சூசையின் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் மனைவி பைப்படியில் குடத்தோடு நின்றிருந்தார். முனியாண்டியின் மனைவியும் இருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தன் குடம் நிறைந்ததும், முனியாண்டியின் மனைவி பைப்பை மூடாமல் நகர்ந்து நின்றார். சூசையின் மனைவி தன் குடத்தை வைத்தார்.